மலைக்குப் போக எந்த பேன்ட்? வாசகர் கேள்வி – பதில்

குளிர்கால மலையேற்றம் பற்றி வந்த கேள்விகளில் இடுப்புக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஜாக்கெட், குல்லா, கையுறை எல்லாம் அடுத்த இதழில்.

கே: டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்குப் போகிறேன். ஜீன்ஸ் இரண்டு, குளிருக்கு உள்ளே போடும் தெர்மல் இரண்டு, ட்ராக் பேன்ட் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பனியில் தெர்மல், ட்ராக் பேன்ட், ஜீன்ஸ் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நடக்கலாம் என்று எண்ணம். இன்னொரு ஜீன்ஸ் சேர்க்கட்டுமா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ப: வேண்டாம். இருக்கிற இரண்டையும்கூட வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும் கடலூரில் இருந்துகொண்டு, 12,500 அடி உயரத்தில் மைனஸ் 5, மைனஸ் 10 என்று கேட்டால் பெட்டியில் இருப்பதையெல்லாம் மாட்டிக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் ஏற்றத்தில் அதிகம் உழைப்பது தொடையும் ஆடுசதையும். அவை தாமே சூட்டைக் கிளப்பும். மூன்று அடுக்கோடு ஏறினால் கால் மணி நேரத்தில் தொடையில் வியர்வை வழியும். பிரச்சினை அப்போது தெரியாது, மூச்சு வாங்க நிற்கும்போதுதான் தெரியும். ஈரம், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும்.

ஜீன்ஸ் இதில் மிக மோசம். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகும், விடாது. காய்ந்த நிலையிலேயே முக்கால் கிலோ இருக்கும் துணி நனைந்தால் எடை கூடி, முட்டியில் ஒட்டி, காலைத் தூக்கவிடாமல் இழுக்கும். இரவில் கூடார வாசலில் காயப்போட்டால் காலையில் பலகை மாதிரி விறைத்து நிற்கும்.

நீங்கள் எடுத்துப்போக வேண்டியவை: நைலான் அல்லது பாலியஸ்டரில், கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் (இழுபடும் நூல்) கலந்த ட்ரெக்கிங் பேன்ட் இரண்டு. மெல்லிய தெர்மல் இரண்டு, அதில் ஒன்று தூங்க மட்டும். ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை நூல் துணி) பேன்ட் ஒன்று. தண்ணீர் புகாத மேல் பேன்ட் ஒன்று. மொத்தமாகச் சேர்த்தாலும் 1.7 கிலோவைச் சுற்றித்தான் வரும். உங்கள் இரண்டு ஜீன்ஸ் மட்டுமே கிட்டத்தட்ட அந்த எடை.

எப்போது எதைப் போடுவது? வெயில் இருக்கும் பகல் நடையில் ட்ரெக்கிங் பேன்ட் மட்டும் போதும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலோ காற்று வீசினாலோ அதற்குள் தெர்மல். உச்சிக்குப் போகும் நாளில் விடியுமுன் இருட்டில் கிளம்புவீர்கள். அப்போது தெர்மல், ட்ரெக்கிங் பேன்ட், அதன்மேல் மேல் பேன்ட். வெயில் வந்ததும் மேல் பேன்ட் பைக்குள் போய்விட வேண்டும். ஃப்ளீஸ் நடப்பதற்கு அல்ல, முகாமில் உட்காருவதற்கு.

சட்டைக்கும் பேன்ட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மேலே ஜாக்கெட்டைக் கழற்றுவது அரை நிமிட வேலை. உள்ளே போட்ட தெர்மல் பேன்ட்டைக் கழற்ற வேண்டுமானால் ஷூ, கெய்ட்டர் (ஷூவுக்குள் பனி போகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் உறை), பேன்ட் எல்லாவற்றையும் அவிழ்த்து, பனியில் காலுறையோடு நிற்க வேண்டும். யாரும் அதைச் செய்வதில்லை, வியர்த்தபடியே நடந்துவிடுவார்கள். ஆகவே காலையில் கூடாரத்துக்குள் போடலாமா வேண்டாமா என்று தடுமாறினால், உள்ளே ஒன்றைக் குறையுங்கள். குளிர்ந்தால் வெளியே ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் கணக்கு சரி என்று அர்த்தம்.

கே: சுடிதாருக்குப் போடும் லெக்கிங்ஸ் என்னிடம் நிறைய இருக்கிறது. தெர்மலுக்குப் பதில் அதையே உள்ளே போடக்கூடாதா? கடையில் தெர்மல் என்று தருவதும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறது.
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

ப: பார்க்க ஒன்றாக இருப்பதுதான் சிக்கல். சுடிதார் லெக்கிங்ஸ் பெரும்பாலும் 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் லைக்ரா. நம் ஊர் வெக்கைக்கு அது பொருத்தம், மலைக்கு இல்லை. நேரு வீதிக் கடைகளில் தெர்மல் என்று அட்டைப் பெட்டியில் கிடைப்பதிலும் பல, பருத்தி கலந்து பின்னியவை. ரயிலில் டெல்லி போக, விடுதி அறையில் படுக்க அவை தாராளமாகப் போதும். ஏறி இறங்கி வியர்க்கும் வேலைக்கு ஆகாது.

முதலில் உள்பக்கத் தையலில் இருக்கும் துணி லேபிளைப் பாருங்கள், பெட்டியின் மேல் உள்ள படத்தை அல்ல. பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி முதலிடத்தில் இருக்க வேண்டும். சாதாரண ஈரக்காற்றில் இருக்கும்போதே பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் வாங்குவது அரை சதவீதம்கூட இல்லை. கம்பளி இரண்டையும் மிஞ்சி 15 சதவீதம் வரை வாங்கும், ஆனால் ஈரத்தை நூலுக்குள்ளேயே வைத்துக்கொள்வதால் தோலுக்குச் சில்லென்று தெரியாது, நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். விலைதான் கையைக் கடிக்கும்.

லேபிள் கிழிந்துபோயிருந்தால் நூல் சொல்லும். ஓர் ஓரத்திலிருந்து இரண்டு அங்குல நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு எவர்சில்வர் தட்டின்மேல் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, விரலால் தொட்டால் பொடியும் சாம்பல். பாலியஸ்டர் என்றால் சுருங்கி உருகி, நுனியில் நசுக்க முடியாத கறுப்பு மணி ஒன்று நிற்கும். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம், தீக்குச்சியை எடுத்ததும் தானே அணைந்துவிடும். ‘உல்லன்’ என்று விற்கப்படுவது கம்பளி நாற்றம் இல்லாமல் புகையோடு சரசரவென்று எரிந்து கெட்டியான கறுப்புக் கட்டி விட்டால் அது அக்ரிலிக். சூடு தரும், வியர்வையை இழுக்காது. சாம்பலும் மணியும் இரண்டும் கிடைத்தால் கலப்புத் துணி.

தடிமனுக்கு ஜிஎஸ்எம் என்ற எண்ணைப் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை அது. நடக்க 150 முதல் 180 போதும். தூங்க 200 முதல் 250 வரை எடுக்கலாம்.

இன்னொன்று: உள்ளாடை பருத்தியாக இருந்தால் மேலே என்ன போட்டாலும் பாதிப் பயன்தான். வியர்வை முதலில் சேருவது அங்கேதான்.

கே: புதுவை சண்டே மார்க்கெட்டில் எக்ஸ்போர்ட் ட்ரெக்கிங் பேன்ட் மலிவாகக் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

ப: வாங்கலாம், காந்தி வீதிக் குவியலில் நல்ல சரக்கும் வருகிறது. ஆனால் அவசரப்படாமல் பாருங்கள்.

முதலில் இரண்டு கால்களும் சேரும் இடம். அங்கே நான்கு தையலும் ஒரே புள்ளியில் கூடினால் அது சாதாரண பேன்ட், உயரமான பாறையில் கால் வைத்த அன்றே பிரியும். வைரம் மாதிரி ஒரு தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் அது நடக்கத் தைத்தது. முட்டியில் சிறு மடிப்போ தனித் துண்டோ வைத்து, தொங்கவிட்டால் லேசாக வளைந்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து ஜிப். நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள், வளைவில் சிக்கினால் வைத்துவிடுங்கள். பேன்ட் தண்ணீர் புகாது என்று சொன்னால் உள்ளே திருப்பி, தையல் மேல் ஒட்டிய நாடாவை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பூச்சு செதிலாக உதிர்ந்தாலோ கைக்குப் பிசுபிசுத்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. கிடங்கில் கிடந்து இப்படி ஆனவை அங்கே நிறைய உண்டு. நாடாவே இல்லையென்றால் துணி தடுத்தாலும் தையல் துளை வழியே தண்ணீர் வரும்.

கையிலுள்ள பாட்டிலிலிருந்து நாலு சொட்டு தொடைப் பகுதியில் விடுங்கள். உருண்டு ஓடினால் மேற்பூச்சு உயிரோடு இருக்கிறது. பரவி இருண்டால் பூச்சு தேய்ந்திருக்கிறது. அதைப் பிறகு சரிசெய்யலாம் என்பதால் அதற்காக மட்டும் விட்டுவிட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அளவு பார்க்கும்போது மெல்லிய தெர்மலை அணிந்து கொண்டே போங்கள். வெயிலில் கொஞ்சம் அவஸ்தைதான். பேன்ட்டைப் போட்டு முழுசாகக் குந்துங்கள், பிறகு ஒரு காலை நாற்காலி உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். இடுப்பு பின்னால் கீழே இறங்கக் கூடாது, முட்டி இழுக்கக் கூடாது, கால்முனை கணுக்காலுக்கு மேல் ஏறக் கூடாது. ஐரோப்பிய அளவில் தைத்தவை நீளமாக இருக்கும். கணுக்காலுக்குக் கீழே தொங்குவதை மடித்து நடக்காதீர்கள், மடிப்புக்குள் பனி சேரும். தையற்காரரிடம் கொடுத்து வெட்டிச் சுருக்கலாம். கால்முனையில் ஜிப் இருந்தால் மட்டும் அந்த வேலை ஆகாது.

கே: பைக்குக்கு வைத்திருக்கும் மழைக்கோட்டு பேன்ட்டையே மேலே போட்டுக்கொள்ளலாமா? தண்ணீர் புகாத ட்ரெக்கிங் பேன்ட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.
— வாசகர், முதலியார்பேட்டை

ப: ஒரே ஒரு முறை போகிறவர் அவ்வளவு கொட்டி வாங்க வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். கேதார்காந்தா அடிவாரமான சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும், அழைத்துச் செல்லும் குழுவிடமும் கேட்டுப் பாருங்கள்.

பைக் மழைக்கோட்டு வெளித் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் உள்ளே வரும் வியர்வை ஆவியும் வெளியேறாது. ஏற்றத்தில் போட்டு நடந்தால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து, மழையே பெய்யாமல் நனைவீர்கள். நிற்கும்போது காற்றுக்கு மறைப்பாக, பனியில் உட்கார, இறங்கும்போது சறுக்க அது நன்றாகவே உதவும். கேதார்காந்தாவில் இறங்கும்போது உட்கார்ந்தபடியே பனியில் சறுக்கி வருவது வழக்கம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பேன்ட்டின் பின்புறம் தேய்வதைவிட மழைக்கோட்டு கிழிவது மேல்.

வாங்குவதானால் மூன்று விஷயம். தண்ணீர் தாங்கும் அளவு (துணி கசியாமல் தாங்கும் நீர்த்தூணின் உயரம்) 10,000 மில்லிமீட்டர் இருக்கட்டும். சாரலுக்கு 5,000 போதும், ஆனால் மண்டியிடும்போதும் ஈரப் பனியில் உட்காரும்போதும் அழுத்தம் கூடி அது கசியலாம். தையல் முழுக்க நாடா ஒட்டியிருக்க வேண்டும். பக்கவாட்டு ஜிப் குறைந்தது முட்டி வரை வர வேண்டும், இடுப்பு வரை வந்தால் இன்னும் நல்லது. ஷூவைக் கழற்றாமல் மாட்டிக் கழற்ற அந்த ஜிப்தான் வழி, ஏறும்போது மேலிருந்து ஒரு சாண் திறந்துவிட்டால் ஆவியும் போகும். ஜிப் இல்லாத மேல் பேன்ட்டை எடுத்துப்போனவர்கள் அதைப் போடச் சோம்பி, பைக்குள்ளேயே சுமந்து திரும்புவார்கள்.

ஆவி வெளியேறும் சவ்வுத் துணி என்று சொல்வது உண்மைதான், ஆனால் உள்ளே வெப்பமும் ஈரமும் கூடுதலாக, வெளியே குளிரும் வறட்சியுமாக இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். இமயத்தில் பலன் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்கால ஈரக்காற்றில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கே: ஜனவரியில் ஊட்டி, கொடைக்கானல்தான் போகிறோம். இவ்வளவும் தேவையா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ப: இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், ஆகவே பகலில் ஒரு ட்ரெக்கிங் பேன்ட் அல்லது பாலியஸ்டர் ட்ராக் பேன்ட் போதும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி விழும், விடியலில் அதைப் பார்க்கப் போனால் மட்டும் உள்ளே ஒரு தெர்மல். புல்லில் நடந்தால் முட்டிக்குக் கீழே பனித்துளியில் நனையும், அதனால் அங்கும் ஜீன்ஸ் வேண்டாம்.

கே: இத்தனை அடுக்கோடு வழியில் சிறுநீர் கழிப்பது எப்படி? மாதவிடாய் நாளில் போக வேண்டியிருந்தால்? குழுவில் யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, வில்லியனூர்

ப: கேட்க வேண்டிய கேள்வி. அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதுதான் பலர் செய்வது. உயரத்தில் அது தலைவலியையும் சோர்வையும் கூட்டும்.

இடுப்பில் எத்தனை நாடா, பட்டன், பெல்ட் இருக்கிறதோ அத்தனை நிமிடம் குளிரில் நிற்க வேண்டும். எல்லா அடுக்கும் இலாஸ்டிக் இடுப்பாக இருந்தால் ஒரே இழுப்பில் இறங்கும். மேல் பேன்ட்டில் தோள்பட்டி வைத்தது வேண்டாம், அதைக் கழற்ற ஜாக்கெட்டையும் கழற்ற வேண்டிவரும். தொடை நடுவரை வரும் நீளமான மேலாடை ஒன்று இருந்தால் குந்தும்போது மறைப்பாகும். குந்தும் முன் மேல் பேன்ட்டின் கால்முனையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், நனைவது பெரும்பாலும் அதுதான்.

மாதவிடாய் நாளில் நாப்கினோ கப்போ, வீட்டில் பழகியதையே பயன்படுத்துங்கள். மலையில் புதிதாகப் பரிசோதிக்க வேண்டாம். குளிரில் ஈரத் துடைப்பான் உறைந்துவிடும், அன்றைக்கு வேண்டியதை ஜாக்கெட் உள்பையில் வைத்திருங்கள். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, கீழே கொண்டு வந்துவிட வேண்டும். பனிக்குள் புதைத்தால் வெயில் காலத்தில் வெளியே வந்துவிடும். கூடுதலாக ஒரு தெர்மல் இருக்கட்டும்.

கே: எனக்கு 61 வயது. சர்க்கரை உண்டு. போன வருடம் மூணாறில் இரண்டு தெர்மல் சேர்த்துப் போட்டும் கால் மரத்துவிட்டது. அடுத்து மூன்று போடலாமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

ப: வேண்டாம் ஐயா. இரண்டு இறுக்கமான தெர்மல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது இடையில் காற்று நிற்க இடமில்லை. சூட்டைப் பிடித்து வைப்பது துணியைவிட அதனுள் அடைபட்ட காற்றுதான். அதோடு முட்டிக்குப் பின்னும் கணுக்காலிலும் இலாஸ்டிக் இரண்டு மடங்கு அழுத்தும், தெர்மலின் முனையைக் காலுறைக்குள் திணித்திருந்தால் ஷூவுக்குள்ளும் நெரியும். ரத்த ஓட்டம் குறைய அது ஒரு காரணம். சர்க்கரையால் காலில் உணர்வு குறைந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் குளிர் கடித்தாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. கிளம்புமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

உடையில் மாற்ற வேண்டியது: ஒரே ஒரு தெர்மல், அதன்மேல் தளர்வான ட்ரெக்கிங் பேன்ட், நின்றால் அதற்கும் மேலே ஃப்ளீஸ். ஃப்ளீஸை ஒரு அளவு பெரிதாக வாங்கினால் பேன்ட்டைக் கழற்றாமலே மேலே ஏற்றிக்கொள்ளலாம். முக்கால் நீளத் தெர்மல் கிடைத்தால் எடுங்கள், அது ஆடுசதையோடு நின்றுவிடும், ஷூவுக்குள் ஒரு மடிப்பு மிச்சம். பாதத்தைத் தினமும் மாலையில் காலுறையைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கே: இடுப்பில் பை பெல்ட் படும் இடத்தில் எப்போதும் புண்ணாகிறது. ஏன்?
— வாசகர், அரியாங்குப்பம்

ப: தெர்மல் இலாஸ்டிக், பேன்ட் இடுப்புப் பட்டி, அதன் பெல்ட் கொக்கி, மேல் பேன்ட் நாடா முடிச்சு எல்லாம் ஒரே கோட்டில் குவிகின்றன. அதன்மேல் பத்து கிலோ பை உட்காருகிறது. தோல் பெல்ட்டை எடுத்துவிடுங்கள். தெர்மலைத் தொப்புளுக்கு மேல் ஏற்றி, பேன்ட்டை இடுப்பெலும்பில் நிறுத்தினால் இரண்டும் வேறு வேறு உயரத்தில் அமரும். நாடாவை நடுவில் முடியாமல் பக்கவாட்டில் செருகுங்கள்.

இதெல்லாம் கிளம்புமுன் தெரிய வேண்டும். கடலூர் சில்வர் பீச் மணலில் நடந்து பார்ப்பது மூச்சுக்கு நல்லது, உடைக்குச் சோதனை ஆகாது. ஒரு விடியலில் செஞ்சிக் கோட்டைக்குப் போய், பையில் அதே எடையோடு ராஜகிரிப் படிகளை ஏறி இறங்குங்கள். சூடு எப்படித் தாங்கும் என்பது அங்கே தெரியாது. எங்கே உரசுகிறது, எங்கே இழுக்கிறது என்பது முதல் நூறு படியிலேயே தெரிந்துவிடும்.

கே: கெய்ட்டர் அவசியமா?
— வாசகி, பண்ருட்டி

ப: கணுக்கால் ஆழத்துக்கு மேல் பனி இருந்தால் அவசியம். கொக்கியை ஷூ லேஸில் மாட்டி, அடிப்பட்டையைக் குதிகாலுக்கு முன்னுள்ள பள்ளத்தில் போட்டு, பக்கிள் வெளிப்பக்கம் இருக்கும்படி கட்டுங்கள். உள்பக்கம் இருந்தால் வழுக்காமல் இருக்க ஷூவின் அடியில் மாட்டும் முள்பட்டை, மறு காலின் பக்கிளில் சிக்கி விழ வைக்கும். மழை பெய்தால் மேல் பேன்ட்டை கெய்ட்டருக்கு வெளியே விடுங்கள். உள்ளே விட்டால் வழியும் தண்ணீர் நேராக ஷூவுக்குள் போகும்.

கே: இரவில் என்ன போட்டுத் தூங்குவது? நனைந்த பேன்ட் காலைக்குள் காயுமா?
— வாசகர், பாகூர்

ப: தூங்கவென்று ஒதுக்கிய காய்ந்த தெர்மல், அதற்கும் குளிர்ந்தால் ஃப்ளீஸ். பகலில் போட்டதோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்தால் அந்த ஈரமெல்லாம் பஞ்சுக்குள் இறங்கும். லேசான ஈரமுள்ள மெல்லிய பேன்ட்டை மடித்து ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் விரித்தால் உறையாமலாவது இருக்கும். சொட்டச் சொட்ட நனைந்தது காயாது. அதைத் தீ மூட்டும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பொறி போதும், நைலானில் பட்டாணி அளவு ஓட்டை விழும். விழுந்துவிட்டால் துணி ஒட்டும் டேப்பை மூலைகள் உருண்டையாக வரும்படி வெட்டி உள்ளும் வெளியும் ஒட்டுங்கள், கூர்மூலை சீக்கிரம் பெயரும்.

கே: மூன்று வருடம் முன்பு வாங்கிய மேல் பேன்ட்டை பீரோவிலிருந்து எடுத்தால் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இரண்டே முறைதான் போட்டேன். ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், குருசுக்குப்பம், புதுச்சேரி

ப: கடைக்காரரை விட்டுவிடுங்கள், காரணம் உங்கள் தெருவுக்கு எதிரே இருக்கிறது. உள்பூச்சு பாலியூரித்தேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும், கடலோர வீட்டில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஒட்ட ஆரம்பித்துவிட்டால் திரும்பாது.

அடுத்ததையாவது காப்பாற்ற: ஊரிலிருந்து வந்த அன்றே துவையுங்கள். திரவ சோப்பு கொஞ்சம், துணி மிருதுவாக்கி கூடவே கூடாது, பிழிந்து முறுக்கவும் கூடாது. நிழலில் உள்பக்கம் வெளியே வரும்படி முழுக்கக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே அடைபடும், மடிப்புக் கோட்டில்தான் பூச்சு முதலில் விரிசல் விடும். அலமாரியில் தளர்வாகத் தொங்கவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துக் காற்றாட விடுங்கள். உலோக ஜிப் என்றால் பற்களில் உப்புக்காற்று பச்சையாகப் பூக்கும், பழைய பல் துலக்கியால் தேய்த்து மெழுகுவர்த்தியை இரண்டு இழுப்பு இழுத்து வையுங்கள்.

வெளிப்பக்கம் சொட்டு உருளாமல் பரவ ஆரம்பித்தால், துவைத்துக் காய்ந்த துணியின்மேல் மெல்லிய பருத்தித் துணி விரித்து இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஓட்டுங்கள். லேபிளில் இஸ்திரி கூடாது என்றிருந்தால் வேண்டாம். சூடு பட்டால் மேற்பூச்சு பெரும்பாலும் மீண்டும் எழும். எழாவிட்டால் தெளிக்கும் பூச்சு தனியாகக் கிடைக்கிறது. கம்பளித் தெர்மலுக்கு மட்டும் பூச்சி உருண்டை போடுங்கள், பாலியஸ்டரைப் பூச்சிகள் பொதுவாகத் தொடுவதில்லை.